டெஸ்டுக்கு முன்னால் டீ ஏன் கூடாது? அடினோசினும் இதய ரத்தக் குழாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மாமா இதய ஸ்கேனுக்காக குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வேலூர் வந்தார். இறங்கியதும் பழக்க தோஷத்தில் ஒரு டீ குடித்தார். ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "டீ, காபி ஏதாவது குடிச்சீங்களா ஐயா?" என்பதுதான். மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர். இரண்டு நாள் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நேராக என் வீட்டுக்கு வந்து, "ஒரு டீக்கு இன்னாப்பா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார்.

சுருக்கமான பதில்: அந்த ஸ்கேனில் இதய ரத்தக் குழாய்களை விரிக்க அடினோசின் ஏற்றுவார்கள், டீ அதைத் தடுத்துவிடும். நான் பாராமெடிக்கல் மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்துகிறவன். மாமாவுக்கு அன்று சொன்ன பதிலோடு, மாணவர்களும் அக்கம்பக்கத்தாரும் பிறகு கேட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். இது விளக்கம் மட்டும்தான். உங்கள் மாத்திரை, உங்கள் டெஸ்ட் பற்றிய முடிவெல்லாம் உங்கள் டாக்டருடையது.

அடினோசின் என்பது மருந்தா, உடம்பிலேயே இருப்பதா?

இரண்டும்தான். உடம்பில் எல்லாச் செல்லிலும் உண்டு. அடினின் என்ற பொருளும் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சேர்ந்த சின்ன மூலக்கூறு அது. அதையே குப்பியில் அடைத்து ஊசியாகவும் போடுகிறார்கள்.

உடம்பில் அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் சுவாரஸ்யம். செல்லுக்குச் சக்தி தருவது ஏடிபி. அதில் மூன்று பாஸ்பேட் தொங்கிக்கொண்டிருக்கும். வேலை நடக்க நடக்க அவை ஒவ்வொன்றாகக் கழலும். (இரண்டு பாஸ்பேட் மிஞ்சும் நிலைக்கும் தமிழில் எழுதினால் ஏடிபி என்றே பெயர் வந்து தொலைக்கிறது; அதனால் அதைத் தாண்டிப் போகிறேன்.) ஒரே ஒரு பாஸ்பேட் மிஞ்சினால் அது ஏஎம்பி. நியூக்ளியோடிடேஸ் என்ற நொதி அந்தக் கடைசிப் பாஸ்பேட்டையும் வெட்டிவிட்டால் மிச்சம் அடினோசின். அதாவது, சக்தி செலவாகிற வேகத்துக்கு ஆக்சிஜன் வந்து ஈடுகட்டாத இடத்தில் அடினோசின் சேரும். அடுப்பில் விறகு தீர்ந்துகொண்டிருப்பதைச் சாம்பலே வந்து சொல்வது போல.

இதயத்துக்குள் எப்போதும் ரத்தம் நிறைந்துதானே இருக்கிறது? தனியாகக் குழாய் எதற்கு?

அறைக்குள் இருக்கும் ரத்தத்தை இதயத் தசை அப்படியே உறிஞ்சிக்கொள்ள முடியாது. சுவர் அவ்வளவு தடிமன். அதனால் பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் இரண்டு தமனிகள் வெளிப்பக்கமாகச் சுற்றிவந்து தசைக்கு ரத்தம் கொடுக்கின்றன. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதில் ஓடுவது நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர்.

மற்ற உறுப்புகள் பொதுவாக, வரும் ரத்தத்திலிருந்து கால்வாசி ஆக்சிஜனைத்தான் எடுக்கும். வேலை கூடினால் இன்னும் கொஞ்சம் எடுத்துச் சமாளிக்கலாம். இதயத் தசை அப்படியில்லை. ஓய்விலேயே 70 முதல் 80 சதவீதம் வரை எடுத்துவிடுகிறது. கையிருப்பு கிட்டத்தட்ட கிடையாது. சோளிங்கர் மலையில் ஆயிரத்து முந்நூறு படி ஏறுகிறவரின் இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் ஒரே வழி, கூடுதல் ரத்தம். நான்கைந்து மடங்கு வரை கூட வேண்டியிருக்கும். (இப்போது அங்கே ரோப் கார் வந்துவிட்டது. என் உதாரணத்துக்குத்தான் நஷ்டம்.)

இன்னொரு சங்கடமும் உண்டு. இதயம் சுருங்கும்போது தன் தசைக்குள் இருக்கும் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. அதனால் இடப்பக்க இதயத் தசைக்குப் பெரும்பாலான ரத்தம் கிடைப்பது துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில்தான். வேகமாகத் துடித்தால் அந்த இடைவெளி குறைகிறது. தேவை அதிகம், நேரம் குறைவு. குழாய் விரியாமல் கதை நடக்காது.

சரி, அடினோசின் குழாயை எப்படி விரிக்கிறது?

காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஏரி ததும்பினாலும் வயலுக்கு எவ்வளவு போகும் என்பதை மதகுதான் தீர்மானிக்கிறது. இதயத்தில் அந்த மதகு, ஆஞ்சியோகிராமில் பளிச்சென்று தெரியும் பெரிய தமனிகளில் இல்லை. அவற்றின் கிளைகளுக்கும் கிளையான, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள நுண்தமனிகளில் இருக்கிறது. அவற்றைச் சுற்றி வரியற்ற தசை வளையம் போட்டிருக்கிறது. வளையம் இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். கொஞ்சம் விரிந்தாலே போதும். ஒரு குழாயின் ஆரம் 20 சதவீதம் கூடினால் அதில் ஓட்டம் இரட்டிப்பாகும், ஏனென்றால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது.

ஏரிக்கும் இதயத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ஏரி மதகைத் திறக்க ஆள் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும், சில சமயம் சண்டையும் வேண்டும். இதயத்தில் காய்கிற வயலே தன் மதகைத் திறந்துகொள்கிறது. தவிக்கிற தசையிலிருந்து வெளியேறும் அடினோசின், பக்கத்து நுண்தமனியின் தசைச் செல்லில் இருக்கும் ஏற்பியில் போய் உட்காரும். ஏற்பி என்பது செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் ஒரு புரதம். விரிக்கும் வேலையில் முக்கியமான ஏற்பியின் பெயர் ஏ2ஏ.

அடினோசின் உட்கார்ந்ததும் செல்லின் உட்புறம் ஜிஎஸ் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது அடினைலைல் சைக்ளேஸ் நொதியை முடுக்க, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி பெருகுகிறது. அதன்பின் இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, தசையைச் சுருக்கும் நொதியின் வேகம் மட்டுப்படுகிறது. இரண்டு, பொட்டாசியம் வாய்க்கால்கள் திறந்து பொட்டாசியம் வெளியே போக, செல்லின் உட்புறம் இன்னும் எதிர்மின்னாகிறது. அந்த நிலையில் கால்சியம் உள்ளே வரும் கதவுகள் திறப்பதில்லை. கால்சியம் இல்லாமல் சுருக்கம் இல்லை. வளையம் தளர்கிறது.

குழாயின் உள்படலச் செல்களிலும் ஏ2ஏ உண்டு. அங்கே அடினோசின் தொட்டால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகி, அதுவும் தசையைத் தளர்த்துகிறது. ஒரே வேலைக்கு இரண்டு வழி.

இந்த ஏற்பிகள் எத்தனை வகை?

நான்கு: ஏ1, ஏ2ஏ, ஏ2பி, ஏ3. ஏ2 என்று தொடங்கும் இரண்டும் சைக்ளிக் ஏஎம்பியைக் கூட்டும். ஏ1, ஏ3 இரண்டும் குறைக்கும். இதயக் குழாயில் ஏ2ஏ முதல் ஆள், ஏ2பி துணைக்கு.

மாணவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். "அடினோசின் குழாயை விரிக்கும்" என்று மனப்பாடம் செய்துவிட்டு, சிறுநீரகம் வந்ததும் விழிப்பார்கள். அங்கே வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்தமனியை அடினோசின் சுருக்குகிறது, ஏனென்றால் அங்கே ஓங்கி நிற்பது ஏ1. மூலக்கூறு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், எந்த ஏற்பியில் என்று கேளுங்கள் என்பேன். தேர்வில் பாதிப் பேர் அப்படியும் தப்பாகத்தான் எழுதுகிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதயம் தடதடவென்று ஓடியபோது அடினோசின் போட்டு நிறுத்தினார்களாமே? அதே மருந்தா?

அதே மருந்துதான், ஏற்பி வேறு. இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் கடக்கும் ஏவி கணுவில் ஏ1 நிறைய. 6 மில்லிகிராமைச் சிரையில் சட்டென்று செலுத்தி, பின்னாலேயே சலைன் தள்ளினால் அந்தக் கணு சில விநாடி வழிவிடாது. அங்கேயே சுற்றிச் சுற்றி ஓடும் மின்சுழல் அறுந்து, துடிப்பு வழிக்கு வரும். வராவிட்டால் 12 மில்லிகிராம். அந்தச் சில விநாடி "உயிரே போகுது" என்பது போல இருக்கும் என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்வார்கள். உடனே சரியாகிவிடும். அடினோசினின் அரை ஆயுள் 10 விநாடிக்கும் குறைவு. ரத்தச் சிவப்பணுக்களும் குழாய்ச் சுவரும் அதை அவ்வளவு வேகமாக இழுத்துக்கொள்கின்றன.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தார்கள்?

1929-ல் கேம்பிரிட்ஜில் ஆலன் ட்ரூரி, ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி இருவரும் இதயத் தசையிலிருந்து எடுத்த சாற்றை விலங்குகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். துடிப்பு மந்தமானது, இதயத் தமனிகள் விரிந்தன. சாற்றிலிருந்த ஆள் அடினோசின் வகையைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டார்கள். சென்ட்-ஜியார்ஜி பிறகு வைட்டமின் சி தொடர்பான ஆராய்ச்சிக்காக 1937-ல் நோபல் பரிசு வாங்கியவர்.

பெரிய கருத்தாக அதை வளர்த்தவர் அமெரிக்க உடலியங்கியலாளர் ராபர்ட் பெர்ன். ஆக்சிஜன் குறைந்தால் இதயத் தசை அடினோசினை வெளியிடும், அது குழாயை விரிக்கும், ரத்தம் வந்ததும் அடினோசின் அடித்துக்கொண்டு போய்விடும், குழாய் பழைய நிலைக்குத் திரும்பும் என்று 1963-ல் சொன்னார். தானே ஏறித் தானே இறங்கும் ஏற்பாடு. கேட்கவே அழகாக இருக்கும். எனக்கும் அந்தப் படத்தைக் கரும்பலகையில் வரைவது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் முழுக்க அப்படியில்லை. ஆரோக்கியமான நாய்களை ஓடவிட்டு, அடினோசின் ஏற்பிகளை மருந்தால் அடைத்துப் பார்த்தார்கள். இதய ரத்த ஓட்டம் வழக்கம்போலவே கூடியது. அடினோசின் இல்லாவிட்டால் நைட்ரிக் ஆக்சைடு, பொட்டாசியம் வாய்க்கால்கள், நரம்புச் சமிக்ஞை என்று மற்றவை பார்த்துக்கொள்கின்றன. தசை நிஜமாகவே தவிக்கும்போது, அதாவது குழாயில் அடைப்பு இருந்து ரத்தம் போதாதபோது, அடினோசினின் பங்கு பெரிதாகிறது. நிறையப் பாடப்புத்தகங்கள் இன்னும் பெர்னின் படத்தோடு நின்றுவிடுகின்றன. அது எனக்கு வருத்தம்தான்.

டீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

காபி, டீயில் இருக்கும் காஃபீன் பார்ப்பதற்கு அடினோசினின் அடினின் பகுதியைப் போலவே இருக்கும். அதனால் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் ஏற்பியை முடுக்காது. வேறு யாரையும் உட்காரவும் விடாது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது மாதிரி. மூளையில் பகல் முழுக்கச் சேரும் அடினோசின் தூக்கத்தைக் கூட்டுகிறது. அந்த ஏற்பியில் துண்டு போடுவதால்தான் டீ குடித்தால் தூக்கம் விலகுகிறது. இதயக் குழாயில் ஏ2ஏ மேலும் அதே துண்டு.

மாமாவுக்கு ஏற்ற இருந்தது அடினோசின். டீ உள்ளே இருந்தால் குழாய் முழுசாக விரியாது. அடைப்பு இருந்தும் படம் "எல்லாம் நலம்" என்று வரக்கூடும். திருப்பி அனுப்பிய நர்ஸ் செய்தது சரி.

காஃபீனின் அரை ஆயுள் பொதுவாக ஐந்து மணி நேரத்தை ஒட்டி இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். அதனால் 12 மணி நேரம் அல்லது 24 மணி நேரம் என்று இடத்துக்கு இடம் சொல்வார்கள். உங்களுக்கு எழுதிக்கொடுத்ததைக் கடைப்பிடியுங்கள். கிரீன் டீ, கோலா, சாக்லேட், காஃபீன் கலந்த தலைவலி மாத்திரை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆஸ்துமாவுக்குத் தரும் தியோஃபிலின் வகை மாத்திரைகளும் இதே குடும்பம். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான்.

ஊசி போட்டு விரித்தால் அடைப்பு எப்படித் தெரியும்? எல்லாம் விரிந்துவிடுமே?

இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான், கேட்டது ஒரு லாட்ஜ் வாட்ச்மேன்.

பெரிய தமனியில் அடைப்பு மெல்ல வளரும்போது, அதற்குக் கீழே உள்ள நுண்தமனிகள் ஏற்கெனவே விரிந்து ஈடுகட்டிக்கொண்டிருக்கும். அதனால் சும்மா படுத்திருக்கும்போது ரத்த ஓட்டம் குறையாது. 1974-ல் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க இதய மருத்துவர் நாய்களில் அளந்து காட்டினார்: குழாயின் விட்டம் சுமார் 85 சதவீதம் குறுகும் வரை ஓய்வுநிலை ஓட்டம் பெரிதாக மாறவில்லை. ஆனால் அதிகபட்ச ஓட்டம் 30 முதல் 45 சதவீதக் குறுக்கத்திலேயே குறையத் தொடங்கிவிட்டது. பாதி அடைத்த குழாய் உள்ளவர் ஓய்வில் ஒன்றும் தெரியாமல் இருப்பதும், படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

இப்போது அடினோசின் ஏற்றுகிறார்கள். நல்ல குழாய்ப் பகுதியில் நுண்தமனிகள் விரிந்து ஓட்டம் மூன்று நான்கு மடங்கு ஏறும். அடைப்புள்ள பகுதியில் விரிய மிச்சமே இல்லை. மதகு ஏற்கெனவே திறந்துதான் கிடக்கிறது. அந்த நேரத்தில் டெக்னீஷியம் போன்ற கதிரியக்கப் பொருளைச் செலுத்தினால், ஓட்டம் எங்கே அதிகமோ அங்கே அதிகம் படியும். படத்தில் நல்ல பகுதி பிரகாசமாகவும் அடைப்புப் பகுதி மங்கலாகவும் தெரியும். நடக்க முடியாதவர், மூட்டு வலிக்காரர், டிரெட்மில்லில் ஏற முடியாத வயசாளி எல்லோருக்கும் இது ஓடாமலே ஓடின கணக்கு. தசை கேட்காமலே, தசை கேட்டது மாதிரி ஒரு கள்ளக் கையெழுத்து போடுகிறோம், அவ்வளவுதான்.

சில பேருக்கு இதில் ஒரு படி கூடுதலாக நடக்கும். அடைத்த குழாயின் பகுதி, பக்கத்துக் குழாயிலிருந்து வரும் கிளைகளை நம்பிப் பிழைத்துக்கொண்டிருக்கலாம். தலைமடைக்காரர் எல்லா வாய்க்காலையும் திறந்துவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது அல்லவா? அதே போல நல்ல பகுதி விரிந்ததும் கிளைகளில் அழுத்தம் குறைந்து, நம்பியிருந்த பகுதிக்கு முன்பைவிடக் குறைவாகவே ரத்தம் போகும். இதை டாக்டர்கள் ஸ்டீல், அதாவது திருட்டு, என்கிறார்கள்.

டெஸ்ட் எவ்வளவு நேரம்? என்ன உணர்வு வரும்?

அடினோசின் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு, நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம் வீதம் பொதுவாக ஆறு நிமிடம் வரை ஏற்றுவார்கள். முகம் சூடாகிச் சிவக்கும், மூச்சு இழுக்க வேண்டும் போலிருக்கும், நெஞ்சு இறுகும், தலை வலிக்கும். நெஞ்சு இறுகியதும் பயந்துவிடாதீர்கள். வலியை உணர்த்தும் நரம்பு முனைகளை அடினோசின் நேரடியாகவே தூண்டும். அடைப்பே இல்லாதவருக்கும் அந்த இறுக்கம் வரும். ஆனால் மறைக்காமல் அருகில் இருப்பவரிடம் சொல்லுங்கள். நிறுத்தினால் ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அடங்காவிட்டால் அமினோஃபிலின் ஊசி இருக்கிறது. அதுவும் காஃபீனின் உறவுக்காரர்தான்.

யாருக்குக் கூடாது?

ஆஸ்துமாவில் இழுப்பு இருப்பவர்கள், பேஸ்மேக்கர் இல்லாமல் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலை இதய அடைப்பு உள்ளவர்கள் (இது மின்சார வழியில் வரும் அடைப்பு, குழாய் அடைப்பு அல்ல), ரத்த அழுத்தம் ரொம்பத் தாழ்ந்தவர்கள். டைபிரிடமோல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது அடினோசினைச் செல்கள் இழுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பதால் சின்ன அளவே பெரிய அளவாகிவிடும்.

ரெகாடினோசன் என்று எழுதியிருக்கிறார்கள். அது வேறா?

ஏ2ஏ ஏற்பியையே குறிவைத்துச் செய்த மருந்து. அமெரிக்காவில் 2008-ல் அனுமதி கிடைத்தது. எடை பார்க்க வேண்டாம், எல்லோருக்கும் 0.4 மில்லிகிராம் ஒரே ஊசி. மற்ற மூன்று ஏற்பிகளை அதிகம் தொடாததால் தொந்தரவு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. டீ தடை இதற்கும் உண்டு.

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும் இதே வேலைதானே?

இல்லை. அந்த நைட்ரேட் மாத்திரை முக்கியமாகச் சிரைகளையும் பெரிய தமனிகளையும் தளர்த்தி, இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. அடினோசின் தளர்த்துவது நுண்தமனிகளை.

ஆஞ்சியோகிராம் செய்யும்போதும் அடினோசின் போட்டார்களே?

அது எஃப்எஃப்ஆர். அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்புக்கு அப்பால் செலுத்தி, நுண்தமனிகளை முழுக்க விரித்து, அடைப்புக்கு அந்தப்பக்க அழுத்தத்தை இந்தப்பக்க அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அந்த அடைப்பு நிஜமாகவே ரத்தத்தைத் தடுக்கிறது என்று கணக்கு. 2009-ல் வெளியான ஃபேம் ஆய்வில் 1,005 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். கண்ணால் படம் பார்த்து ஸ்டென்ட் வைத்த பிரிவைவிட, இந்த எண்ணைப் பார்த்து வைத்த பிரிவில் ஸ்டென்டும் குறைவு, ஓர் ஆண்டுக்குள் வந்த சிக்கல்களும் குறைவு. "எழுபது பெர்சன்ட் அடைப்பு" என்று கேட்டதும் வீடே அழுகிறது. அந்த எழுபது ரத்தத்தைத் தடுக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

ஸ்டென்ட் வைத்தபின் டிகாக்ரெலார் சாப்பிடுகிறேன். மூச்சு வாங்குகிறது. அடினோசினா?

இருக்கலாம். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் அந்த மாத்திரை, அடினோசினைச் செல்கள் இழுப்பதையும் கொஞ்சம் தடுக்கிறது. மூச்சு வாங்குவது அதன் தெரிந்த பக்க விளைவு. ஆனால் மூச்சு வாங்க வேறு காரணங்களும் உண்டு. டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் தினமும் டீ குடிப்பது இதயக் குழாய்க்குக் கெடுதலா?

அளவாகக் குடிக்கிறவர் இதற்காகப் பயப்படத் தேவையில்லை. நாய்களில் பார்த்தது போல, ஒரு வழியை அடைத்தால் மற்ற வழிகள் ஈடுகட்டுகின்றன. டெஸ்ட் நாளில் சிக்கல் வருவது, அன்றைக்கு நாம் அந்த ஒரே வழியை நம்பிக் குழாயை விரிக்கிறோம் என்பதால்.

டெஸ்ட் முடிந்ததும் டீ குடிக்கலாமா?

படம் எடுக்கிறவர்கள் சரி என்றதும் தாராளமாக. ரெகாடினோசன் போட்டபின் தலைவலி, படபடப்பு நிற்காதவர்களுக்கு அவர்களே காபி குடிக்கச் சொல்வதும் உண்டு. மாமா இரண்டாம் முறை போனபோது முந்தின நாள் காலையிலிருந்தே டீயைத் தொடவில்லை. சாயங்காலம் வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்ட் கடையில் இரண்டு டீ சொன்னார். ஒன்று எனக்கென்று நினைத்துக் கையை நீட்டினேன். இரண்டையும் அவரே குடித்தார்.